அடகுக் கடைக்கு மென்பொருள் வாங்குகிறவர்களே, “என்கிரிப்ட் பண்ணியாச்சு” என்றால் நம்பிவிடாதீர்கள்

காரைக்குடியில் எங்கள் குடும்பம் நகை அடகுக் கடை நடத்துகிறது. வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கூட்டமில்லாத நேரம் பார்த்து வருகிறவர்கள் நிறைய. முன்பெல்லாம் அந்த விவரம் பேரேட்டில் இருக்கும், பேரேடு பெட்டகத்தில் இருக்கும், சாவி அப்பச்சி மடியில் இருக்கும்.

மூன்று வருடம் முன்பு கணினிக்கு மாறினோம். மென்பொருள் செய்து கொடுத்தவர் சொந்தக்காரர் சொல்லி வந்தவர். விலை 1,10,000 ரூபாய், வருடப் பராமரிப்பு 18,000. “ஆதார், பான், போன் நம்பர் எல்லாமே என்கிரிப்ட் ஆகிடும், பேங்க்ல இருக்கிற மாதிரி” என்றார். சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி விவரத்தைப் பூட்டி வைப்பதுதான் என்கிரிப்ட் செய்வது. சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

இந்தப் பொங்கலுக்கு வந்த அக்கா மகன் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தான். போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத எழுத்துகள். ஆனால் ஒவ்வொன்றும் N அல்லது O என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி, இரண்டு சமக்குறிகளில் முடிந்தது. “அம்மான், இதுக்குப் பூட்டே போடலை. இது வெறும் பேஸ்64” என்றான். எண்ணை வேறு எழுத்துகளில் எழுதி வைக்கும் முறை அது, சாவி என்பதே கிடையாது. அடுத்த நொடி என் நம்பரைப் படித்துக் காட்டினான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ஆதார் எண்ணுக்கும் ஊருக்கும் மட்டும், டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்க்யூஎல் மென்பொருளிலேயே இருக்கிற ஏஇஎஸ் என்ற நிஜமான பூட்டைப் போட்டிருந்தார்கள். அதிலும் எதையும் மாற்றாமல் விட்டால் வருகிற 128 பிட் சாவி, ஈசிபி முறை. ஈசிபியில் ஒரே விவரத்துக்கு எப்போதும் ஒரே கிறுக்கல்தான் வரும். பள்ளத்தூர்க்காரர்கள் எல்லாருக்கும் ஒரே கிறுக்கல்! ஒருவர் ஊர் தெரிந்தால் போதும், மற்றவர்கள் ஊரும் தெரிந்துவிடும். சாவி எங்கே என்று தேடினோம். அதே கணினியில், மென்பொருளின் அமைப்புக் கோப்பில், பச்சையாகக் கிடந்தது. தினமும் பென்டிரைவில் எடுக்கும் பேக்கப்பிலும் அது கூடவே போயிருக்கிறது. பெட்டகத்தைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைத்த கதை. கடை ஆட்களின் கடவுச்சொற்களை எம்டி5 என்ற பழைய முறையில் குறியீடாக்கி வைத்திருந்தார்கள், அதுவும் ‘உப்பு’ இல்லாமல், அதாவது ஒவ்வொன்றோடும் தனித்தனி எழுத்துகளைக் கலக்காமல். அப்பச்சியுடையதை இணையத்தில் தேடியே கண்டுபிடித்துவிட்டான்.

செய்து கொடுத்தவரைக் கேட்டால், “சாதாரண ஆள் படிக்க முடியாதே, அதுதானே என்கிரிப்ஷன்” என்றார். சரிசெய்ய இன்னும் 60,000 கேட்டார். கட்டிய பணத்தில் ஒரு பைசா திரும்பவில்லை.

அப்புறம் அக்கா மகனே உட்கார்ந்து மாற்றினான். ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்தோம். பான், போன், முகவரிக்கு ஏஇஎஸ் 256, ஜிசிஎம் முறை, ஒவ்வொரு பதிவுக்கும் புது நான்ஸ், அதாவது ஒரே தடவை பயன்படுத்தும் எண். இதில் ஒரே எண் இரண்டு தடவை வந்தாலும் கிறுக்கல் வேறுவேறாக இருக்கும், யாராவது இடையில் மாற்றினாலும் தெரிந்துவிடும். ஆனால் போன் நம்பரைப் போட்டுத் தேட முடியாது. அதற்கென்று வேறொரு சாவியில் எச்மேக் எடுத்து, அதாவது ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே அடையாளம் வருகிற, சாவி இல்லாமல் போட முடியாத குறியீடு எடுத்து, தனியாகச் சேர்த்தான். எடை, வட்டி, தேதியை அப்படியே விட்டோம், தினமும் கூட்டிப் பார்க்க வேண்டுமே. கடவுச்சொல்லுக்கு, அதற்கென்றே உள்ள ஆர்கான்2 முறை. சாவிகள் இப்போது வேறு இடத்தில், பேக்கப்போடு போவதில்லை. வட்டு முழுவதையும் என்கிரிப்ட் செய்தாலே போதாதா என்று கேட்டேன். கணினி திருடு போனால் அது காப்பாற்றும், உள்ளே நுழைந்து டேட்டாபேஸைப் பார்க்கிறவனுக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும் என்றான்.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: எந்த முறை, சாவி எங்கே இருக்கும், பேக்கப்போடு சாவியும் போகுமா. பதில் சொல்லத் தடுமாறினால் கையெழுத்துப் போடாதீர்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைச் சரியாகப் பாதுகாக்காவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

போன வருடம் கோளாறு பார்க்க வந்த, மென்பொருள்காரரிடம் வேலை பார்க்கும் பையன் முழு டேட்டாபேஸையும் நகல் எடுத்துப் போனான். அதற்குள் பழைய சாவியும் இருக்கிறது. திருப்பிக் கேட்டோம், அழித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நகை மீட்க வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, உங்கள் நம்பர் வெளியே போயிருக்கலாம் என்று அப்பச்சி தன் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.