டிஃபரன்ஷியலுக்கு எந்த ஆயில்: 75டபிள்யூ-90ஆ, 75டபிள்யூ-140ஆ, இரண்டும் இல்லையா?

கேன் மேல் இருக்கும் பிராண்டு பெயரைக் கடைசியாகப் பாருங்கள். வளைவில் இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். அதற்கு முன் தெரிய வேண்டியது உங்கள் காரில் இருப்பது அதில் எந்த வகை என்பது: ஓப்பன் டிஃபரன்ஷியலா, கிளட்ச் பிளேட் வைத்த எல்எஸ்டியா (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது), டோர்சன் மாதிரி பல்சக்கரத்திலேயே வேலை செய்வதா, விஸ்கஸ் வகையா. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கேன்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். இது தெரியாமல் ‘கெட்டியான ஆயில்தான் நல்லது’ என்று 140-ஐ வாங்கி ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 சண்டையை முடித்துவிடலாம். கியர் ஆயில் எவ்வளவு அழுத்தத்துக்குத் தாங்கும் என்று காட்டும் தரங்கள் இவை. பின்சக்கர டிரைவ் கார்களின் பின் ஆக்சிலில் பொதுவாக இருப்பது ஹைப்பாய்டு கியர். அதில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் மையக்கோட்டுக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நிற்கும். அதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, உரசிச் சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் வழித்துத் துடைக்கப்பட்டுவிடும். அங்கேதான் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானங்கள் வேலைக்கு வருகின்றன. பல் சூடாகும் இடத்தில் இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய பூச்சை உண்டாக்கும். தேய்வது அந்தப் பூச்சுதான், பல் தப்பித்துவிடும். கியர் ஆயிலுக்கே உரிய அந்தக் குடலைப் பிரட்டும் நாற்றமும் இந்தக் கந்தகத்தால்தான். ஜிஎல்-5 ஆயிலில் இந்தச் சேர்மானம் ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே ஹைப்பாய்டுக்கு ஜிஎல்-5தான், பேச்சே இல்லை.

அதே ஜிஎல்-5-ஐ மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றினால் கதை வேறு. கியர் மாற்றும்போது சுழலும் வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்குக் கொஞ்சம் உராய்வு வேண்டும். ஜிஎல்-5-இன் வழுக்கலில் கியர் விழுவது மந்தமாகலாம். பழைய வகைக் கந்தகச் சேர்மானம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் செய்யும். முன்சக்கர டிரைவ் காராக இருந்து, என்ஜின் குறுக்காக வைக்கப்பட்டிருந்தால், டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே சாய்வாக வெட்டிய ஹெலிக்கல் பற்களோடு இருக்கும், ஹைப்பாய்டு கிடையாது. அங்கே கியர்பாக்ஸ் கேட்கும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். சுபாருவின் மேனுவல் கார்களில் கியர்பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. இந்த மாதிரி இடத்தில் உற்பத்தியாளர் சொல்வதை மீறாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

உண்மையான வித்தியாசம்: ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர்

கிளட்ச் வகை எல்எஸ்டியில் பிளேட்டுகள் ஆயிலில் ஊறியபடியே ஒன்றையொன்று பிடித்து விடும். உராய்வைச் சீராக்கும் சேர்மானமான இந்த மாடிஃபையர் இல்லாத ஆயிலை ஊற்றிவிட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பின்னாலிருந்து ‘கட கட’ என்று ஒரு அதிர்வு வரும். பிளேட்டுகள் பிடித்து, நழுவி, மறுபடி பிடிக்கும் சத்தம் அது. மாடிஃபையர் சேர்த்தால் பிடிப்பும் விடுதலும் வழவழப்பாகிவிடும். அளவுக்கு மீறிச் சேர்த்தால் லாக் ஆகும், அதாவது இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பலமே குறைந்து, வளைவில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலும். ஓப்பன் டிஃபரன்ஷியல் மாதிரி ஓட்ட எல்எஸ்டி எதற்கு?

இதைப் புரிந்துகொள்ள ரெட் லைன் நிறுவனத்தின் இரண்டு பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒன்று 75டபிள்யூ90, மாடிஃபையர் சேர்த்தது. இன்னொன்று 75டபிள்யூ90என்எஸ், சேர்க்காதது. நிறுவனமும் ஒன்று, கெட்டித்தன்மையும் ஒன்று. ஆனால் பிளேட் எல்எஸ்டியில் இரண்டும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ரோட்டில் ஓட்டும் பிளேட் எல்எஸ்டிக்கு முதலாவது. பந்தயத்துக்காகப் போட்ட இறுக்கமான எல்எஸ்டிக்கு இரண்டாவது, அங்கே கொஞ்சம் சத்தம் வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காஸ்ட்ரோல் சின்ட்ராக்ஸ் லிமிடெட் ஸ்லிப் 75டபிள்யூ-140-இல் மாடிஃபையர் உள்ளேயே இருக்கிறது. அதன் மேல் தனி பாட்டில் ஊற்றத் தேவையில்லை.

எனக்குப் பிடித்த வழி: மாடிஃபையர் இல்லாத ஆயிலும் தனியாக ஒரு சின்ன மாடிஃபையர் பாட்டிலும். ஊற்றிவிட்டு, ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக எட்டு போட வேண்டும். அதிர்வு போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, போனதும் நிறுத்திவிடலாம். சேர்த்ததை வெளியே எடுக்க முடியாது என்பதால் அவசரம் கூடாது.

டோர்சனில் கிளட்ச் பிளேட்டே இல்லை. பல்சக்கரங்கள் தங்கள் கூட்டின் மீதும் வாஷர்கள் மீதும் அழுந்தும் உராய்வில்தான் அது லாக் ஆகிறது. ஆகவே மாடிஃபையர் வேண்டாம், நல்ல ஜிஎல்-5 போதும். விஸ்கஸ் வகையில் சிலிகோன் திரவம் தனிக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். வெளியே ஊற்றும் ஆயில் அதைத் தொடவே தொடாது. அங்கேயும் சாதாரண ஜிஎல்-5தான். ‘எல்எஸ்’ என்று அச்சிட்ட விலை கூடிய கேனை இவற்றுக்கு வாங்குவது தேவையில்லாத செலவு.

90, 110, 140

கியர் ஆயில் எண்களுக்கான எஸ்ஏஇ ஜே306 தரத்தின்படி 100 டிகிரி செல்சியஸில் 90 என்பது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையின் அலகு). 140 என்பது 24 முதல் 32.5-க்குள். நடுவில் இருக்கும் 18.5 முதல் 24 வரையான இடத்துக்கு 110 என்று பெயர். 2005-இல்தான் இந்த 110 தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் இந்த நடு இடமும் 90-க்குள்ளேயே அடங்கியது. முன்பக்கத்து 75டபிள்யூ என்பது மைனஸ் 40 டிகிரியில் ஆயில் எவ்வளவு ஓடும் என்பதற்கான கணக்கு. 80டபிள்யூவுக்கு அது மைனஸ் 26.

என்ஜின் ஆயில் எண்ணோடு இதை ஒப்பிடாதீர்கள். இரண்டும் வேறு அளவுகோல்கள். 75டபிள்யூ-90 கியர் ஆயில், சூட்டில் 40 அல்லது 50 என்ஜின் ஆயில் அளவுக்குத்தான் கெட்டி.

சரி, 140 யாருக்கு? டிராக்கில் தொடர்ந்து சுற்றும்போது டிஃபரன்ஷியல் ஆயில் 120 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அந்தச் சூட்டில் 90 இளகிவிடும், 140-இல் படலம் நிற்கும். பிஎம்டபிள்யூ எம் கார்கள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே 75டபிள்யூ-140தான் ஊற்றினார்கள். ஓஎஸ் கிக்கென் நிறுவனம் தன் பிளேட் எல்எஸ்டிக்கு 80டபிள்யூ-250 வரை போகிறது. அதே 140-ஐ ஆபீஸுக்குப் போய்வரும் காரில் ஊற்றினால் பற்கள் கெட்டி ஆயிலைக் கடைவதிலேயே சக்தி வீணாகும். அந்தக் கடைதலே சூட்டையும் கூட்டும். டோர்சன் வைத்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ஜோடிக்கு நிறுவனமே 75டபிள்யூ-85தான் சொல்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே கெட்டி ஆயில் என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

மினரலா சிந்தெடிக்கா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, சிந்தெடிக்தான். மினரல் ஆயிலைக் குளிரிலும் சூட்டிலும் சமாளிக்க வைக்க பாலிமர் நிறையச் சேர்க்க வேண்டியிருக்கும். கியர் பற்கள் அந்தப் பாலிமரை நறுக்கித் தள்ள, நாளாக நாளாக ஆயில் நீர்த்துப்போகும். நல்ல சிந்தெடிக்கில் அந்தத் தேவை குறைவு. ஒரே விதிவிலக்கு, புதிதாகப் போட்ட கிரவுன்-பினியன். முதல் 800 கிலோமீட்டரில் எப்படியும் வடிக்கப் போகிற ஆயில், அதற்கு மினரல் 80டபிள்யூ-90 போதும்.

என் தேர்வு இப்படி. ரோட்டில் மட்டும் ஓடும் டோர்சன் அல்லது ஓப்பன் காருக்கு அதன் கையேடு சொல்லும் 75டபிள்யூ-85 அல்லது 90, மாடிஃபையர் இல்லாமல். ரோட்டில் ஓடும் பிளேட் எல்எஸ்டிக்கு மாடிஃபையர் சேர்த்த 75டபிள்யூ-90. வாரம் முழுக்க ரோடு, மாதத்தில் ஒருநாள் டிராக் என்றால் 75டபிள்யூ-110. ஆம்ஸாயில் சிவியர் கியரில் அந்தத் தரம் உண்டு, பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். முழுநேர டிராக் காருக்கு மோட்டுல் கியர் காம்பெடிஷன் 75டபிள்யூ-140 மாதிரி ஒன்று, அதையும் அடிக்கடி மாற்றிக்கொண்டு.

மாற்றும்போது ஆயில் ஊற்றும் துளையை மூடியிருக்கும் ஃபில் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்து வர மறுத்தால், ஆயிலை முழுக்க வடித்துவிட்டு நிற்க வேண்டியிருக்கும். ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருப்பது இயல்புதான். விரலில் தேய்த்தால் நெருடாது. ஊசி போன்ற சில்லுகளோ பல்லின் துண்டோ கிடைத்தால் புது ஆயிலை ஓரமாக வைத்துவிட்டு, டிஃபரன்ஷியலைத் திறந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.