பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் குடுத்தேன் – கும்பகோணம் பட்டறை ரிவ்யூ

கும்பகோணத்துல கும்பேஸ்வரர் கோயில் பக்கம் இருக்குற பாத்திரக் கடைகள்ல விசாரிச்சா ஈயம் பூசுற பட்டறைக்கு வழி சொல்லுவாங்க, பெருசா போர்டெல்லாம் கிடையாது. அப்பாயியோட பித்தளைத் தவலை, பொங்கப் பானை, கூடவே ஒரு வெங்கல உருளி எடுத்துட்டுப் போனேன். தவலைக்குள்ள ஈயம் தேஞ்சு அங்கங்க மஞ்சளா தெரிய ஆரம்பிச்சிருச்சு, அந்த நிலைமையில அதுல புளி போட்டு எது செஞ்சாலும் களிம்பு ஏறிடும், சாப்பிட்டா வாந்திதான்.

பட்டறையில வயசானவர் ஒருத்தரும் அவர் பையனும்தான். உருளியைத் தட்டிப் பாத்துட்டு "ஏம்மா, இது வெங்கலம்மா, இதுக்கெதுக்கு ஈயம், எடுத்துட்டுப் போம்மா"ன்னு உடனே திருப்பிக் குடுத்துட்டாரு. பூசிட்டு காசு வாங்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, அதுக்கே முழு மார்க் போடலாம்.

வேலையை உக்காந்து பாக்க விடுறாங்க. முதல்ல பழைய அழுக்கெல்லாம் போக உள்பக்கம் நல்லா தேச்சுக் கழுவுறாங்க, அப்புறம் கரி அடுப்புல ப்ளோயர் வச்சு பாத்திரத்தைச் சூடேத்தி நவச்சாரப் பொடியை (ஈயம் நல்லா ஒட்டுறதுக்குப் போடுற ஒரு உப்பு) தூவினதும் குபுகுபுன்னு வெள்ளைப் புகை, அந்தப் புகையிலயே ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து பஞ்சை வச்சு சுத்திவரத் தேச்சா மஞ்சளா இருந்த இடம் கண்ணு முன்னாடியே வெள்ளி மாதிரி ஆயிடுது. உடனே தண்ணியில முக்கி எடுத்துடுறாரு. நல்ல ஈயம்தானான்னு கேட்டதுக்கு கோவிச்சுக்காம குச்சியை என் காதுகிட்ட கொண்டுவந்து வளைச்சாரு, கறகறன்னு சத்தம் கேட்டுச்சு, சுத்தமான வெள்ளீயம்னா (டின், பாத்திரத்துக்குப் பூசுறது இதுதான்) அப்படித்தான் கேக்கும். காரீயம் (லெட்) கலந்து பூசிட்டா உடம்புக்கு விஷம், அதனால எங்க குடுத்தாலும் இதை கேட்டுப் பாருங்க. வேற ஒரு ஊர்ல முன்னாடி குடுத்தப்ப பூசின இடத்தை பேப்பர்ல தேச்சா கருப்பா கோடு விழுந்துச்சு, அதுல அப்புறம் சமைக்கவே இல்ல.

குறைன்னா, பானையோட கழுத்து வளைவுல பூச்சு கொஞ்சம் திட்டுத்திட்டா இருந்துச்சு, சொன்னதும் திரும்ப சூடு பண்ணி சரி பண்ணிக் குடுத்தாங்க. வெளிப்பக்கம் பாலிஷ் போடத் தனிக் காசு, அது தேவையே இல்ல. எங்க அப்பாயி குழம்புக்குக் கரைச்ச புளிச்சக்கையைத் தூக்கிப் போடாம ஒரு கொட்டாங்குச்சியில சேத்து வச்சிருப்பாங்க, வெள்ளிக்கிழமையானா அதை வச்சே பித்தளையெல்லாம் பளபளன்னு ஆக்கிடுவாங்க. ரெண்டு பாத்திரத்துக்கும் சேத்து நான் குடுத்தது ஒரு நல்ல நான்ஸ்டிக் கடாய் விலையை விடக் குறைச்சல்தான். நான்ஸ்டிக்ல கோட்டிங் போனா நம்ம ஊர்ல யாரும் திரும்பப் போட்டுத் தர்றதில்ல, தூக்கித்தான் போடணும், பித்தளை அப்படி இல்ல.

அந்தக் காலத்து ஆளுங்க சிக்கனம்னா விலை கம்மியானதை வாங்குறதுன்னு நினைக்கல, ரிப்பேர் பண்ண முடியுற பொருளா பாத்து வாங்கி அதை விடாம பராமரிச்சாங்க. இந்தத் தவலை கழுத்துல அப்பாயி பேரு வெட்டியிருக்கு, கல்யாணச் சீரா வந்தது. நடவு நேரத்துல கையில காசு இல்லாதப்ப இதையே அடகு வச்சு விதைநெல் வாங்கி அறுவடைக்கப்புறம் மீட்டிருக்காங்க, பேங்க் பக்கமே போகாதவங்களுக்கு அண்டாவும் தவலையும்தான் டெபாசிட். இன்னிக்கும் பழைய பித்தளையை எடை போட்டு எடுத்துக்கிறாங்க. ஆனா தயவுசெஞ்சு போட்டுடாதீங்க, பரண்ல கிடந்தா இறக்கி ஈயம் பூசி சமைங்க.

வாங்கிட்டு வந்தப்புறம் கவனிக்க வேண்டியது: காலிப் பாத்திரத்தை அடுப்புல வைக்கவே கூடாது, ஈயம் 232 டிகிரியிலயே உருகிடும், உள்ள தண்ணியோ பாலோ இருக்குற வரைக்கும் பயமில்ல. தாளிப்பைத் தனியா இரும்புக் கரண்டியில செஞ்சு கொட்டுங்க. ஸ்டீல் நார் வேணாம், தேங்காய் நார் போதும், கிளற மரக்கரண்டி. பொங்கலுக்கு முன்னாடி போனா கூட்டம் ஜாஸ்தி, பாத்திரத்தை வச்சுட்டுப் போங்கன்னுடுவாங்க, அதனால புரட்டாசி ஐப்பசியிலயே குடுத்துடுங்க, அப்பதான் பக்கத்துல உக்காந்து பாத்து வாங்கலாம்.