வசனமும் வைரமும்: எந்த வழிகாட்டியைத் திறப்பது?

பைபிள் படிப்பவரும் வீடியோ கேம் ஆடுபவரும் இணையத்தில் இரண்டே கேள்விகளோடுதான் அலைகிறார்கள். "இது எங்கே இருக்கிறது?" என்பது ஒன்று. "இதை நான் என்ன செய்வது?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு நல்ல அட்டவணை போதும். இரண்டாவதற்கு யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும். ஒன்றுக்கானதை மற்றதற்குத் திறந்தால் நேரம் வீண்.

முதலில் பைபிள். ஒரு வசனத்தைப் பல மொழிபெயர்ப்புகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க பைபிள் கேட்வே தளம் போதும், 1993-லிருந்து இருக்கிறது. மூலச் சொல்லுக்குள் இறங்க வேண்டுமா? புளூ லெட்டர் பைபிள், அல்லது கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிள். இரண்டிலும் ஸ்ட்ராங் எண்கள் உண்டு. ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-ல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியில் (எந்தச் சொல் எந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் நூல்) எபிரெய, கிரேக்கச் சொற்களுக்குக் கொடுத்த எண்கள்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

யோவான் 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு பேதுருவிடம் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்கிறார். கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பில் மூன்று இடத்திலும் ஒரே சொல். எண்ணைத் தட்டிப் பார்த்தால் கதை வேறு: முதல் இரண்டு முறை 25, அதாவது அகபாவோ, மூன்றாம் முறை 5368, பிலேயோ; இரண்டுமே அன்பைக் குறிக்கும் கிரேக்கச் சொற்கள். பேதுருவோ மூன்று முறையும் பிலேயோ என்றே பதில் சொல்கிறார். அரை நிமிட வேலை. ஆனால் இந்த வேறுபாட்டில் பொருள் இருக்கிறதா, வெறும் சொல்மாற்றமா என்பதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. எண் அதைத் தீர்த்துவைக்காது. அகராதியில் தரப்பட்ட ஐந்தாறு பொருள்களில் நமக்குப் பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் இங்கேதான்.

சரி, விளக்கவுரைக்குப் போவோம் என்றால், இலவசமாகக் கிடைப்பவற்றில் பல, காப்புரிமை முடிந்த பழையவை. மாத்யூ ஹென்றியின் உரை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. பக்திக்கு அருமை. ஆனால் 1947-ல் கிடைக்கத் தொடங்கிய சவக்கடல் சுருள்கள் என்ற பழங்கால பைபிள் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி அவரிடம் கேட்க முடியாதே! என் வரிசை: முதலில் ஸ்டெப், அப்புறம் விளக்கவுரை, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக.

கேமில் பழைய வழிகாட்டி இன்னும் மோசமாகக் கவிழ்த்துவிடும். நிலத்தைத் தோண்டிப் பொருள் சேர்க்கும் மைன்கிராஃப்ட் கேமில் வைரம் தேட 11-ஆம் உயர மட்டத்துக்கு இறங்கச் சொல்லும் பக்கங்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பில் உலகத்தின் அடித்தளம் 0-விலிருந்து -64-க்குப் போய்விட்டது; இப்போது -59 அருகில் தோண்ட வேண்டும். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் எண்களுக்கு, ஆடுபவர்களே திருத்தி எழுதும் விக்கிதான் சரி. அதிலும் ஒரு சிக்கல்: மைன்கிராஃப்ட் விக்கி 2023-ல், விக்கிகளுக்கு இடம் தரும் ஃபேண்டம் தளத்தை விட்டு வெளியேறியது, பழைய நகல் அங்கேயே தங்கிவிட்டது. எதில் நுழைந்திருக்கிறோம் என்று முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறாத பழைய கேம்களுக்கு, 1995-ல் தொடங்கிய கேம்எஃப்ஏக்யூஸ் தளத்தின் எழுத்து வழிகாட்டிகளை எதுவும் மிஞ்சவில்லை. படம் இல்லை, அலங்காரம் இல்லை; சொல்லைத் தேடினால் நேரே அந்த வரி. கதை முடிவும் தவறிக் கண்ணில் படாது. ஒரு சாவி எங்கே என்று அறிய இருபது நிமிட வீடியோவை முன்னும் பின்னும் இழுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நான் வீடியோவைத் திறப்பது ஒரே சமயத்தில்தான்: எந்த நொடியில் குதிக்க வேண்டும் என்பதை எழுத்தால் சொல்ல முடியாதபோது.