இருபத்தையாயிரம் ரூபாயும் அறுபது பவுணும்

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 2025 ஆகஸ்ட் கடைசியில் கொழும்புக்குப் போனபோது, இந்த முறை உறவினர் எவரையும் வண்டி ஓட்டச் சொல்லி அலைக்கழிப்பதில்லை, நானே வாடகைக்கு ஒரு கார் எடுத்து ஓட்டுவது என்று லண்டனிலேயே தீர்மானித்திருந்தேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டு நேரத்தில் வந்தபோது, வாரத்துக்கு இருபது லீற்றர் என்ற கியூஆர் பங்கீட்டில் தனக்குக் கிடைத்த பெற்றோலை எனக்காகச் செலவழித்த மச்சானின் முகம் இன்னும் நினைவில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். இருபத்தைந்து வருடங்களாக லண்டன் ஹரோவில் வண்டி ஓட்டுகிறேன், அங்கும் இங்கும் இடப்பக்கம்தான், இதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்ற மிதப்பும் கூடவே இருந்தது என்பதை மறைப்பானேன்.

பிரித்தானியச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இலங்கையில் ஓட்ட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் வேண்டும். அதிலும் 1926, 1949, 1968 என்று மூன்று வகை இருப்பதால், இலங்கைக்கு 1949ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குரியதையே கேட்டு வாங்க வேண்டும். முன்பு தபாலகத்தில் கொடுத்ததை 2024 ஏப்ரலிலிருந்து பேபொயின்ற் கட்டணச் சேவை உள்ள மூலைக்கடைகளில் கொடுக்கிறார்கள். கட்டணம் ஐந்தரைப் பவுண். அதோடும் முடிவதில்லை. கொழும்பு வந்த பிறகு, காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் உள்ள இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் அதற்கு ஓர் அங்கீகாரப் பத்திரம் எடுக்க வேண்டும். வேலை விரைவாக முடிந்தது; எனக்கு முன்னால் நின்ற ஜெர்மன்காரத் தம்பதி புகைப்படத்துக்காக வெளியே ஓடி வந்ததுதான் அங்கு நடந்த ஒரே பரபரப்பு. இதற்கு மாற்றாக, வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே ஒரு கருமபீடம் திறந்திருக்கிறது. இனிமேல் வருபவர்கள் அதற்காக வெரஹெரவில் உள்ள திணைக்கள அலுவலகத்துக்கு ஓடத் தேவையில்லை என்பது நல்ல செய்தி.

வாடகைக் காருக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய், நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக் கணக்கு, முற்பணம் வேறு. ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தேன். ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் தவிர வேறு எவர் ஓட்டினாலும், ஓட்டுபவர் மது அருந்தியிருந்தாலும் முழுக் காப்புறுதி செல்லாது. திருத்தச் செலவு மட்டுமல்ல, வண்டி ஓடாமல் கராஜில் நிற்கும் நாட்களின் வாடகையும் நம் தலையில் என்று அதில் எழுதியிருந்தது. இந்த வரியைப் பெரும்பாலோர் வாசிப்பதில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தடைப்பட்டிருந்ததாலும், தடை நீங்கிய பிறகும் வரிகள் மலைபோல் நிற்பதாலும், பத்து வயதுச் சின்னக் கார் ஒன்றின் விலையே பல இலட்சம் பெறும் ஊர் இது. ஒரு கதவு நசுங்கினால் நாம் லண்டனில் போடும் கணக்கு இங்கே உதவாது.

பெற்றோல் செற்றில் வரிசை இருக்கவில்லை, கியூஆர் இருக்கவில்லை. அந்த முறை 2023 செப்டெம்பர் முதலாம் திகதியோடு கைவிடப்பட்டிருந்தது. 2022 ஜூனில் 470 ரூபாய் வரை ஏறிய 92 ஒக்ரேன் பெற்றோல் 2025 செப்டெம்பரில் முந்நூறை ஒட்டி நின்றது. பவுணில் மாற்றிப் பார்த்தால் லண்டனை விடக் குறைவு. ஆனால், குடித்துவிட்டு ஓட்டுவதற்கான தண்டத்தைக்கூடப் பவுணில் மாற்றிப் பார்க்கிற எங்கள் பழக்கத்தைப் பற்றித்தான் இதில் நான் எழுத வந்தேன்.

முதல் தண்டம் நாலாம் நாளே வந்தது. காலி வீதியில் பகல் வேளையில் ஓட்டோ ஒன்றை விலத்தப் போய் இரட்டைக் கோட்டைத் தாண்டிவிட்டேன். வெள்ளைத் தொப்பிக்காரர் கையைக் காட்டினார். தவறு என்னுடையது, ஐயமில்லை. பக்கத்தில் இருந்த மச்சான் கதவைத் திறக்கும் முன்பே மெல்லிய குரலில், “அத்தான், ஒரு ஆயிரத்தை லைசன்ஸுக்குள்ள வைச்சுக் குடுங்கோ, விட்டிடுவினம்” என்றார். அந்தப் பொலிஸ்காரர் அப்படி எதையும் கேட்கவில்லை, கேட்பதற்கான சாடையும் காட்டவில்லை; கொடுக்கும் யோசனை எங்கள் வண்டிக்குள்ளிருந்துதான் கிளம்பியது. கையூட்டுக் கேட்பது எப்படிக் குற்றமோ அப்படியே கொடுப்பதும் குற்றம். எவரேனும் கேட்டால் முறையிட இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கம் இருக்கிறது என்பதும் அறியத்தக்கது.

எழுதப்பட்ட தண்டம் மச்சான் கொடுக்கச் சொன்ன அதே ஆயிரம் ரூபாய். வழக்கமான முறையில் பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு தண்டச் சீட்டைத் தருவார்கள். அந்தச் சீட்டே பதினான்கு நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். அதற்குள் தபாலகத்தில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய் அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். தவணை தாண்டினால் தொகை இரட்டிக்கும், அதற்கும் மேல் இழுத்தடித்தால் நீதிமன்றம். இரண்டு வாரத்துக்கு வருகிறவனுக்கு அரை நாள் என்பது சிறிய விலை அல்ல. ஆனால் 2025 ஏப்ரலில் குருநாகல் – அநுராதபுரம் வீதியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய, தண்டத்தைத் தொலைபேசியிலேயே கட்டும் கவ்பே முறை இப்போது கொழும்புப் பக்கத்துக்கும் வந்துவிட்டது. உள்ளூர் வங்கிச் செயலி வேண்டும் என்பதால் என் லண்டன் அட்டையால் பயன் இல்லை. மச்சானின் தொலைபேசியில் கட்டினோம், பணம் சேர்ந்ததைப் பொலிஸ்காரர் சரிபார்த்துவிட்டு அவ்விடத்திலேயே பத்திரத்தைத் திருப்பித் தந்தார். ஐந்து நிமிடம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இப்படியான செயலி உள்ள உறவினர் ஒருவரை அறிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்த நாள் கட்டுநாயக்கப் பாதையில் போனபோது, பின் இருக்கையில் இருந்த மாமியும் பட்டியை மாட்ட வேண்டியிருந்தது. அதிவேக நெடுஞ்சாலைகளில் எல்லோருக்கும் இருக்கைப் பட்டி கட்டாயம் என்பது செப்டெம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்திருந்தது. சேலை கசங்கும் என்பது மாமியின் ஒரே ஆட்சேபணை.

குடித்திருக்கிறோமா என்று பார்க்கப் பொலிஸார் ஊதச் சொல்லும் பலூன் விடயத்துக்கு வருகிறேன். பம்பலப்பிட்டியில் ஓர் இரவு பத்து மணிக்கு மேல் மறித்தார்கள். நான் எதுவும் குடித்திருக்கவில்லை. பொலிஸ்காரர் உறையிலிருந்து புதிய கண்ணாடிக் குழாய் ஒன்றை என் கண்முன்னே எடுத்து, அதன் நுனிகளை உடைத்து, பையைப் பொருத்தித் தந்தார். உள்ளே இருக்கும் மஞ்சள் பளிங்குகள் மூச்சில் மதுசாரம் இருந்தால் பச்சையாகும். குரோமிய உப்பின் வேலை அது, பழைய முறை. ஊதினேன், மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது, போகச் சொன்னார். பயன்படுத்தாத குழாயா என்று பார்த்துக்கொள்வதில் பிழை எதுவும் இல்லை. மரியாதையாகக் கேட்டால் காட்டுகிறார்கள். ஊதமாட்டேன் என்று வாதாடுவதால் மட்டும் எதுவும் நடக்கப் போவதில்லை. மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இங்கிலாந்தில் 1967இல் வந்த சட்டம் வகுத்த எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். இலங்கையிலும் அதே 80தான். ஸ்கொட்லாந்து 2014 டிசெம்பரில் 50க்கு இறங்கிவிட்டது. ஆகவே இங்கிலாந்திலிருந்து வருகிறவர் “அங்கத்தைய சட்டம் வேறு” என்று சொல்ல இடமே இல்லை. வேறுபாடு தண்டனையில் இருக்கிறது. அங்கே குறைந்தது பன்னிரண்டு மாதம் ஓட்டத் தடை, வரம்பற்ற தண்டப்பணம், ஆறு மாதம் வரை சிறை. டிஆர்10 என்ற குறி பதினொரு வருடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு காப்புறுதிக் கட்டணத்தைத் துரத்தும். எங்கள் பகுதியில் டாக்ஸி ஓட்டிய ஒருவர் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் பிறகு தொழிலையே இழந்தார். இலங்கையில் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறை வைக்கவும், அனுமதிப்பத்திரத்தைப் பன்னிரண்டு மாதம் வரை நிறுத்தவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. தண்டச் சீட்டில் முடிகிற விடயம் அல்ல இது. கைது, பிணை, நீதிமன்றம் என்று போகும்.

செப்டெம்பர் 6, சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் மச்சானின் நண்பர் வீட்டில் விருந்து. மறுநாள் பினர போயா என்ற பௌர்ணமி விடுமுறை, மதுக்கடைகள் பூட்டு என்பதால் வாங்கி வைத்ததில் கஞ்சத்தனம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். புறப்படும் நேரம் எவர் ஓட்டுவது என்ற பேச்சு எழுந்தபோது, லண்டனில் அரைக் கிளாஸ் பியருக்கே மனைவியிடம் திறப்பைக் கொடுக்கும் ஒருவர், “பிடிச்சா இருபத்தையாயிரம். அறுபது பவுண். கட்டிப்போட்டுப் போவமடா” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் விருந்து கொடுத்த வீட்டுக்காரர். அவருடைய தம்பி ஓட்டோ ஓட்டுகிறவர். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாய் ஆகியிருந்தது. ஒரே குற்றம், ஒரே தண்டம். ஒருவருக்கு ஒரு மாத வாழ்க்கை, இன்னொருவருக்கு ஹரோவில் இரண்டு பேர் சாப்பிடும் செலவு. இந்தத் தண்டம் எங்களுக்காகக் கணக்கிடப்பட்டது அல்ல. அது உறைக்காது என்பதாலேயே நாங்கள் துணிகிறோம் என்பதை அந்த மேசையில் கண்ணால் கண்டேன். வீதி விபத்துகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகும் நாடு இது. இறப்பவர்களில் நடந்து போகிறவர்களும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுமே நிறைய. வாடகைக் காரில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் குறைவு. குடித்த நாங்கள் மோதினால் அடிபடப்போவது பெரும்பாலும் நாங்களாக இருக்காது.

நான் இரண்டு பெக் குடித்திருந்தேன். எல்லைக்குள் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். உடம்பு மதுசாரத்தைக் கரைப்பது மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு (எட்டுக் கிராம் மதுசாரம்) என்ற மெதுவான கணக்கில்தான், கோப்பி குடித்தாலும் முகம் கழுவினாலும் அது விரைவதில்லை. மறுநாள் காலையில் ஓட்டுகிறவர்களும் மாட்டுவது இதனால்தான். என் வாடகைக் கார் வெள்ளவத்தையில் நின்றது. வந்திருந்தது மச்சானின் வண்டி. அதில் ஒரு வசதி: ஒப்பந்தச் சிக்கல் இல்லாமல் வேறொருவரை ஓட்ட விடலாம். நம் வண்டியையே ஓட்டிக்கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போகும் சாரதிச் சேவைகள் இப்போது கொழும்பில் இருக்கின்றன. மச்சான் அழைத்தார், இருபது நிமிடத்தில் ஒரு பொடியன் தலைக்கவசத்தோடு வந்து இறங்கினான். பிக்மீ செயலியில் ஓட்டோ பிடித்தால் இதைவிட மலிவாக முடிந்திருக்கும், ஆனால் வண்டி கொட்டாஞ்சேனையிலேயே நின்றிருக்கும். அறுபது பவுண் கணக்குச் சொன்னவரும் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

கோட்டையைத் தாண்டி, காலிமுகத்திடலைக் கடந்து, கொள்ளுப்பிட்டியில் மறித்தார்கள். கண்ணாடியை இறக்கியதும் வண்டிக்குள்ளிருந்து போன வாசனையில் பொலிஸ்காரர் ஒரு கணம் பின்வாங்கினார் என்றே சொல்ல வேண்டும். குழாய் வந்தது. பொடியன் நிதானமாக ஊதினான். டோர்ச் வெளிச்சத்தில் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையை அசைத்தார்.

“இண்டைக்கு இது மூண்டாவது தரம் அண்ணை,” என்றான் பொடியன், கியரை மாற்றிக்கொண்டே. “சனிக்கிழமையில எப்படியும் நாலு தரம் ஊதுவன்.”