டெமோவைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்காதீர்கள்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாயும் மூன்று மாதமும். கடையின் பெயரைப் போட மாட்டேன், கேட்காதீர்கள்.

நான் திருச்சியில் யுபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறேன். பதினைந்து வருடமாக அக்கூஸ்டிக் வாசித்துவிட்டு, நாற்பது வயதில் எலக்ட்ரிக் வாங்கலாம் என்று ஆசை வந்தது. சென்னையில் அந்தக் கடையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து ஏழெட்டு கிட்டார் வாசித்துப் பார்த்தேன். கடைசியாக எடுத்தது ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவத்தில் ஒன்று. நெக்கை, அதாவது கார்டு பிடிக்கிற கை பற்றுகிற நீளமான கழுத்துப் பகுதியை, பிடித்ததுமே தெரிந்துவிட்டது. பின்பக்கம் உருண்டு, உள்ளங்கையில் பந்து உட்கார்ந்தது போல் நிறைந்தது. ஆள்காட்டி விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்துகிற எஃப் பார் கார்டைக்கூடப் பிடித்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கட்டைவிரல் எங்கே போகிறது என்ற நினைப்பே வரவில்லை.

இதையே கொடுங்கள் என்றேன். “இது டெமோ பீஸ் சார், பல பேர் கை பட்டது, கீறல் வேற இருக்கு. இதே மாடல் சீல் பிரிக்காத பெட்டி இருக்கு, அதைத் தரேன்” என்றார் கடைக்காரர். நம் ஊரில் சீல் பிரிக்காத பெட்டி என்றால் அதற்கு ஒரு மரியாதை. நானும் மயங்கிவிட்டேன். 28,500 ரூபாய். பெட்டியைப் பிரித்து, கிட்டார் உடையாமல் இருக்கிறதா, ஆம்பில் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வீட்டில் மடியில் வைத்து வாசித்தபோது ஏதோ இடித்தது. புது கிட்டார், பழகிவிடும் என்று விட்டேன். இரண்டு வாரத்தில் கட்டைவிரலின் அடிச் சதை வலிக்க ஆரம்பித்தது. பார் கார்டில் பத்து நிமிடம் தாண்டவில்லை. அந்த உருண்டையான நெக்கையே காணோம். அடிஸ்கேலைக் கையில் பிடித்திருப்பது போல் மெல்லிசாக, பின்பக்கம் தட்டையாக இருந்தது.

போன் செய்தேன். “உங்க கை சின்னது சார், மெல்லிசு நெக்தான் உங்களுக்கு நல்லது” என்றார். இதைப் பல பேர் நம்புகிறார்கள், நானும் ஒரு வாரம் நம்பினேன். விரல் நீளத்தை மட்டும் வைத்து நெக்கை முடிவு செய்ய முடியாது. கட்டைவிரல் எங்கே உட்காரும் என்பதையும் பார்க்க வேண்டும். நெக்கின் முதுகு நடுவில் கட்டைவிரலை வைத்து வேகமாக வாசிக்கிறவருக்குத் தட்டை நெக் சுகமாக இருக்கும். என்னைப் போல நெக்கை உள்ளங்கையில் அணைத்து, கட்டைவிரலை மேலே எட்டிப் பார்க்க விடுகிறவருக்கு உள்ளே ஏதாவது நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கை தானாகவே நசுக்கிப் பிடிக்கும். வலி அங்கேதான் வருகிறது.

அடுத்த மாதம் வேறு வேலையாகச் சென்னை போனபோது கிட்டாரையும் தூக்கிக்கொண்டு போனேன். பையில் சால்டரிங் ஈயக் கம்பி கிடந்தது. என் தொழிலில் அது எப்போதும் இருக்கும். பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் காலிபரும் இரவல் வாங்கியிருந்தேன். டெமோ கிட்டார் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கித் தரச் சொல்லி, தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, முதல் ஃபிரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பக்கத்தில் ஃபிரெட்போர்டிலிருந்து (விரல் அழுத்துகிற முன்பக்கப் பலகை) முதுகு வரை அளந்தேன்: 21.5 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் 23.5. என்னுடையதில் 19, அப்புறம் 21. இரண்டரை மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்பவர்கள் ஒரு பேனாவையும் கொஞ்சம் தடித்த மார்க்கரையும் மாறி மாறிப் பிடித்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

கம்பி வேலை இன்னும் நன்றாகக் காட்டியது. ஈயக் கம்பியை நெக்கின் முதுகில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வளைத்து, விரலால் அழுத்தி ஒட்ட வைக்க வேண்டும். வளைவு கலையாமல் மெதுவாக உருவி நோட்டில் வைத்து பென்சிலால் வரைய வேண்டும். டெமோவின் கோடு ஆங்கில சி எழுத்தைப் போல உருண்டு வந்தது. என்னுடையது ஆங்கில டி எழுத்தைக் குப்புறக் கவிழ்த்து ஒரு மிதி மிதித்தது போல இருந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, “கிட்டாரை ஈயக் கம்பியிலா சார் பார்ப்பாங்க?” என்று சிரித்தார். அவர் போன் பேச வெளியே போன நேரத்தில் கடைப் பையன் மெதுவாகச் சொன்னான்: “அது பழைய லாட் அண்ணா. புது லாட்ல நெக் வேற. ஓனருக்குத் தெரியும்.” பெட்டி ஸ்டிக்கரை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். பார்த்தால், மாடல் எண்ணின் கடைசியில் டெமோவில் இல்லாத ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன். பணம் திரும்ப வராது, டெமோவையும் தர முடியாது, “ட்ரஸ் ராடைத் திருப்பினா நெக் உங்க கைக்கு வந்துரும்” என்றார். ஆலன் கீயை விட்டுத் திருகினார். செட்டப் சார்ஜ் என்று 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு விஷயம் தெரியாது. ட்ரஸ் ராட் என்பது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி. தந்திகள் இழுக்கிற இழுப்பில் நெக் முன்பக்கமாக வளையாமல் அது எதிர்த்துப் பிடிக்கிறது. அதைத் திருகினால் வளைவு மாறும், தடிமன் ஒரு மயிரிழைகூட மாறாது. அளவுக்கு மேல் முறுக்கியதில் என் நெக் பின்பக்கம் வளைந்து, முதல் மூன்று நான்கு ஃபிரெட்டுகளில் தந்தி இரைய ஆரம்பித்தது. வலியோடு இரைச்சலும் சேர்ந்துகொண்டது.

இன்னொரு பையன் ஓடி வந்து “பின்னாடி தேய்ச்சுக் குடுத்துரலாம் அண்ணா” என்றான். தம்பி, மெல்லிசாக இருக்கிறது என்றுதான் வந்திருக்கிறேன் என்றேன். தடித்த நெக்கைத் தேய்த்து மெலிதாக்குவது நடக்கிற காரியம்தான். ஆனால் உள்ளே ட்ரஸ் ராட் ஓடுகிற பள்ளம் இருக்கிறது. அதைத் தொடும் அளவுக்குத் தேய்த்தால் கதை முடிந்தது. தேய்த்த மரம் திரும்ப வளராது.

சட்டப்படி பார்க்கலாம் என்று நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். என் பில்லில் “எலக்ட்ரிக் கிட்டார் - 1” என்று மட்டும் இருந்தது. மாடல் எண் இல்லை, நிறம் இல்லை, டெமோவைப் பார்த்து ஆர்டர் செய்தேன் என்பதற்கு ஒரு வரி இல்லை. கீழே “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற முத்திரை. இந்த முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள். ஆனால் காட்டியது ஒன்று, கொடுத்தது வேறு என்று காட்ட என் கையில் காகிதம் இல்லை, அந்த 30 நாளும் தாண்டியிருந்தது. நானே விட்டுவிட்டேன்.

எழுத்துகளை நம்பாதீர்கள் என்பதும் இந்த அலைச்சலில் கற்றதுதான். சி, டி, யு, வி என்பவை நெக்கின் குறுக்குவெட்டு உருவத்தைச் சொல்கின்றன. எவ்வளவு தடிமன் என்று சொல்வதில்லை. ஒரு கம்பெனியின் மாடர்ன் சி இன்னொன்றின் சி-யைவிடக் கணிசமாக மெலிந்திருக்கலாம். இதில் இன்னொரு குழப்பம், 1960-களின் ஃபெண்டர் நெக்குகளின் அடியில் ஏ, பி, சி, டி என்று முத்திரை இருக்கும். அது நட்டின் (நெக்கின் தலைமாட்டில் தந்திகள் உட்காருகிற சிறு கட்டை) அகலம். பி என்றால் ஒன்றே ஐந்தெட்டு அங்குலம், ஏறக்குறைய 41 மில்லிமீட்டர். உருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிப்ஸனில் ஐம்பதுகளின் நெக் என்றால் உருண்டு தடித்தது, அறுபதுகளின் ஸ்லிம் டேப்பர் மெலிந்தது. ஐபனேஸின் விசார்ட் நெக்குகளில் முதல் ஃபிரெட்டில் 17 மில்லிமீட்டர் வரை இறங்குகிற ரகமும் உண்டு. ஃபிரெட்போர்டின் மேல்வளைவு வேறு இருக்கிறது: பழைய ஃபெண்டர் ரகத்தில் ஏழே கால் அங்குல ஆரம், கிப்ஸனில் 12. எண் சிறியதாக இருந்தால் வளைவு அதிகம். கார்டு பிடிக்கிற கைக்கு அது இதமாக இருக்கும், தந்தியை மேலே இழுத்து வளைக்கிறபோது காலை வாரும். நெக்கின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

பில்லில் முழு மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பிடித்திருந்தால், கீறலோடு அந்த டெமோவையே விலை குறைத்துக் கேளுங்கள். தர முடியாது என்றால், பெட்டியைக் கடையிலேயே பிரித்து இரண்டையும் அரை மணி நேரம் மாற்றி மாற்றி வாசித்த பிறகு பணத்தை எடுங்கள். பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ் இருக்கிறது.

என் கிட்டாரை ஒரு கல்லூரி மாணவனுக்கு 19,000-க்குக் கொடுத்தேன். ட்ரஸ் ராடைச் சரிசெய்த பிறகு அவன் அதில் பறக்கிறான். தட்டை நெக் அவன் கைக்கென்றே செய்தது போல இருக்கிறது. நான் பழையது ஒன்றை ஈயக் கம்பியால் அளந்து வாங்கினேன்.

போன மாதம் அந்தக் கடைப் பக்கம் போனேன். டெமோ கிட்டாரை ஒரு பையன் மடியில் வைத்துக் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். “இதே மாடல் சீல் பிரிக்காத பெட்டி இருக்கு” என்று கடைக்காரர் ஆரம்பித்தார். “தம்பி, கையில இருக்கிறதுக்கே பில் போடச் சொல்லு” என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.