நால்வர் வரும் வீடு: மூன்று ஆண்டு அனுபவம்

சித்தி மகன் நேற்றுக் கேட்டான்: "எங்கள் அப்பாவுக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுக்கலாமா அண்ணா? உங்கள் வீட்டில் எப்படி?" ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் இந்தத் தமிழக அரசுத் திட்டம் எங்கள் தெருவரை வந்திருக்காவிட்டால், மாத்திரைக்கும் பயிற்சிக்கும் அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அலைந்திருப்பேன். 2024-இல் அதற்கு ஐ.நா. விருது கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வருகிறவர்களின் கனிவிலும் ஒரு குறை சொல்ல மாட்டேன்.

என் கோபம் வேறு. தன்னார்வலர் அக்கா வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார். இயன்முறை மருத்துவர் கை கால்களுக்குப் பயிற்சி தருவார். செவிலியர் படுக்கைப் புண்ணைக் கவனிப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் மாத்திரை எழுதுவார். நால்வருக்கும் தனித்தனிப் பதிவேடு. வந்த பையிலேயே திரும்பிப் போய்விடும்.

இரண்டாம் ஆண்டில் அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். பயிற்சி தர வந்தவருக்கு அது தெரியாது. எழுப்பி நிறுத்தியதும் அப்பா கண் செருகி அவர் தோளிலேயே சாய்ந்துவிட்டார். இன்றும் நினைத்தால் கை நடுங்குகிறது.

அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பேனாவையும் நூலில் கட்டி, காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட்டேன். யார் வந்தாலும் இதில் எழுதிவிட்டுப் போகும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். சுய உதவிக் குழுவிலிருந்து இந்தப் பணிக்கு வந்த அக்கா ஒருநாள் எழுதினார்: "உட்கார்ந்தால் 130/80. எழுந்தால் 100/60. தலை சுற்றுகிறதாம்." மறுநாள் வந்த இயன்முறை மருத்துவர் அதைப் படித்துவிட்டு அப்பாவை நிற்க வைக்கவில்லை. அங்கிருந்தே மருத்துவருக்கு ஃபோன் செய்தார். மாத்திரை குறைந்தது. அடுத்த முறை அக்கா வந்தபோது, தன் கையெழுத்துக்குக் கீழே மருத்துவர் சொன்னதைக் குறித்திருந்த வரியை இரண்டு முறை படித்தார். அந்த முகத்தை மறக்க மாட்டேன்.

மேலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் எத்தனை வீடு, எத்தனை அட்டை மாத்திரை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அக்கா கண்டது மருத்துவர் காதுக்குப் போக எத்தனை நாளாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நால்வர் சேர்ந்து செய்யும் வேலையை அளப்பதென்றால் முதலில் கேட்க வேண்டியது அதுதானே?

போன மாதம் இயன்முறை மருத்துவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் நேராக அப்பாவின் கையைப் பிடித்தார். நோட்டைக் காட்டினேன். "எங்களுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது சார்" என்று சொல்லிவிட்டு, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

தம்பியிடம் சொல்லிவிட்டேன்: பெயரைக் கொடு, மாத்திரை வரும், ஆட்களும் வருவார்கள். ஒரு குழு வரும் என்று மட்டும் இன்றைக்கு என் வாயால் சொல்ல மாட்டேன்.