போக்குவரத்து அபராத டிக்கெட்டை ரத்து செய்து தருகிறோம் என்ற ஆன்லைன் சேவையிடம் 385 டாலர் ஏமாந்த கதை: டெக்சாஸ்வாசிகள் கவனத்துக்கு

பணம் திரும்ப வராது என்று இன்று காலை மின்னஞ்சல் வந்தது. அந்தச் சூடு ஆறும் முன்பே எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே கார் ஓட்டும் நம்மவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திரும்புவதற்கு 100 அடி முன்பே இண்டிகேட்டர் போடவில்லை என்று ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். டெக்சாஸில் அது சட்டம்தான். ஆனால் அந்தச் சாலையில் யாரும் அடி அளந்து இண்டிகேட்டர் போடுவதில்லை, அவரும் எல்லோரையும் நிறுத்துவதில்லை. எங்கிருந்து வருகிறாய், எங்கே வேலை, டிக்கியில் என்ன இருக்கிறது, திறந்து பார்க்கலாமா என்று வரிசையாகக் கேட்டார். சோதனைக்குச் சம்மதம் இல்லை என்றேன். முகம் கடுத்துவிட்டது. டிக்கெட்டில் கையெழுத்து வாங்கிய பிறகும் என் லைசென்ஸை விரலிடுக்கில் வைத்துக் கார்க் கதவில் தட்டிக்கொண்டே நின்றார். பிறகு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால், ‘உங்களை நிறுத்தியதே அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு விளம்பரம். எண்ணைப் பதிந்த சிறிது நேரத்தில் தமிழிலேயே அழைப்பு வந்தது. அந்தப் பெண் அவசரப்படவே இல்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். லைசென்ஸைத் தட்டிய இடம் வந்ததும் ‘அடப்பாவமே’ என்றார். “அண்ணா, இண்டிகேட்டர் என்பது வெறும் சாக்கு. உங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறார். காரணமில்லாமல் யாரையும் பிடிக்கவோ சோதிக்கவோ கூடாது என்று அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம் சொல்கிறது, அதன்படி இந்த டிக்கெட் நிற்காது. எங்கள் வழக்கறிஞர் மனுப் போட்டால் போதும், நீங்கள் நீதிமன்றப் பக்கமே போக வேண்டாம். ரத்தாகவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பத் தருகிறோம்.” கட்டணம் 400 டாலர். கிரெடிட் கார்டு இல்லாமல் வங்கிச் செயலியிலிருந்து நேரடியாக அனுப்பினால் 15 டாலர் தள்ளுபடி. எந்தப் புண்ணியவானும் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாத நாளில், நம் மொழியில் ஒருவர் ‘அண்ணா’ என்று அழைத்துப் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? 385 டாலர் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் விற்ற வாதம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்த்துவிட்டது. ரென் வழக்கு என்பார்கள். வாஷிங்டனில் போதைப்பொருள் குற்றங்களைக் கவனிக்கும் மஃப்டி போலீசார், ஸ்டாப் பலகை அருகே அதிக நேரம் நின்ற வண்டியைப் போக்குவரத்து விதியைக் காரணம் காட்டி மடக்கினார்கள். உள்நோக்கம் வேறு என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. விதிமீறல் நடந்திருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், போலீஸ்காரர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்பதை நான்காவது திருத்தத்தின் கீழ் பார்க்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். இனம் பார்த்து நிறுத்தினார் என்றால் அது சமப் பாதுகாப்பு, அதாவது சட்டம் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற வேறு பிரிவில் வரும். அதை நிரூபிப்பது பெரும்பாடு. ஆயிரம் வண்டியை விட்டுவிட்டு உன்னை மட்டும் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. கசப்பான உண்மை, ஆனால் அதுதான் சட்டம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், சட்டப்படி கேட்கத்தக்க ஒரே கேள்வி வேறு. டிக்கெட் வேலை முடிந்த பிறகு, நியாயமான சந்தேகம் இல்லாமல் வண்டியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2015-இல் ரோட்ரிகஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. எழுதி முடித்த பிறகு எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தார் என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை. அந்தத் தீர்ப்பும்கூட, அப்படி நிறுத்தி வைத்துக் கண்டெடுத்த பொருளைச் சாட்சியமாக்க விடாமல் தடுக்கத்தான் உதவும், இண்டிகேட்டர் டிக்கெட் அப்படியேதான் இருக்கும் என்று பிறகு பேசிய உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் காசு வாங்காமல் சொன்னார்.

பணம் போனதும் ‘அண்ணா’ ‘சார்’ ஆனது. கோப்பு பரிசீலனையில் இருக்கிறது சார். வழக்கறிஞர் விசாரணையில் இருக்கிறார் சார். பிறகு தமிழ் பேசியவர் விடுப்பில் போய்விட்டார், ஆங்கிலத்தில் தானியங்கிப் பதில் மட்டும். மனுவின் நகலைக் கேட்டு நச்சரித்த பிறகு ஒன்று வந்தது. மூன்றாம் பக்கத்தில் ‘ஃப்ளோரிடா மாநிலம்’ என்று இருந்தது! அதையும் யாரும் தாக்கல் செய்யவில்லை. டிக்கெட்டில் இருந்த தேதி தாண்டி, ஆஜராகவில்லை என்று நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அதுவும் தெரிந்தது.

அந்தத் தேதிக்குள் கேட்டிருந்தால் பாதுகாப்பான ஓட்டுநர் வகுப்பை முடித்து டிக்கெட்டைத் தள்ளுபடி செய்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது. ‘எதுவும் செய்யாதீர்கள்’ என்று சொல்லியே அதையும் கெடுத்தார்கள். பணத்தைக் கேட்டால் ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டுகிறார்கள்: நாங்கள் சட்ட நிறுவனம் அல்ல, ஆவணம் தயாரிக்க மட்டுமே உதவுகிறோம். ஆவணம் தந்தாயிற்றாம், 385 டாலர் அதற்காம். வங்கியைக் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது நேரமில்லை. வழக்கறிஞர் என்று யார் சொன்னாலும் பெயரைக் கேட்டு மாநில வழக்கறிஞர் சங்கத்தின் இணையதளத்தில் பாருங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் போனை வையுங்கள். டிக்கெட்டில் உள்ள தேதிக்கு முன் நீதிமன்ற அலுவலகத்தை நீங்களே அழையுங்கள். கார்டு வேண்டாம் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். வண்டியைச் சோதிக்கலாமா என்று கேட்டால் மறுக்கலாம்; மறுக்கலாம் என்று போலீஸ்காரர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இறங்கச் சொன்னால் இறங்கிவிடுங்கள், அதில் வாதம் வேண்டாம்.

மதியத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். ஆஜராகாததற்கு என்ன காரணம் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. போன 385 டாலர் போக, அபராதமும் என் தலையில்தான்.